தள்ளுபடிக் கடிகாரமும் திருமலைப் படிகளும்

கைக்கடிகாரம் என்பது மணி பார்ப்பதற்கு மட்டுமே என்றிருந்த காலத்தில் வளர்ந்தவர்கள் நம்மில் பலர். 1961ல் ஜப்பானிய நிறுவனமான சிட்டிசனுடன் சேர்ந்து பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரங்கள் செய்யத் தொடங்கியது முதல், மாமனார் மாப்பிள்ளைக்குக் கட்டிவிடும் மரியாதை அதுவாகத்தான் இருந்தது. பிறகு ஓசூரிலிருந்து டைட்டன் வந்தது. அதற்கும் சாவி கொடுக்க வேண்டாம் என்ற ஒரு பெருமைதான் கூடுதல். இன்று சித்தூரில் எங்கள் தெருவில் பால் ஊற்றுகிறவர் கையில்கூட ஒரு கறுப்புச் சதுரம் மின்னுகிறது. மணி காட்டுவது அதன் உபதொழில். எத்தனை அடி நடந்தோம், நாடி எத்தனை, எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்க வேண்டியதையெல்லாம் அது கேட்கிறது.

இந்தப் பெருக்கத்துக்குக் காரணம் விலை. 2022ஆம் ஆண்டின் மூன்றாவது காலாண்டில் உலகிலேயே மிகப் பெரிய ஸ்மார்ட் வாட்ச் சந்தையாக இந்தியா ஆகிவிட்டது என்று கவுண்டர்பாயின்ட் என்னும் சந்தை ஆய்வு நிறுவனம் கணக்குச் சொன்னது. 2024ல் விற்பனை சரிந்தது. வாங்க வேண்டியவர்கள் வாங்கிவிட்டார்கள், வாங்கியவர்களில் பாதிப்பேர் மேஜை டிராயரில் போட்டுவிட்டார்கள் என்பது எங்கள் ஊர்க் கடைக்காரர் ஒருவரின் விளக்கம். பெட்டியில் 5,999 ரூபாய் என்று அச்சடித்து, அதன்மேல் ஒரு கோடு போட்டு, 1,299 என்று எழுதியிருக்கும். அந்த 5,999 ரூபாய்க்கு அதை யாராவது என்றைக்காவது வாங்கியிருப்பார்களா என்பதை அந்த ஏழுமலையான்தான் அறிவான். ஆகவே தள்ளுபடியைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. 1,299 ரூபாய்க்கு இது என்ன வேலை செய்யும் என்பதுதான் கேள்வி.

எனக்கு இது வந்தது என் மச்சான் வழியாக. திருப்பதியில் வேலையிலிருப்பவன். தீபாவளித் தள்ளுபடியில் மூன்று வாங்கினான்: எனக்கு ஒன்று, அவன் அக்காவுக்கு ஒன்று, தனக்கொன்று. “மாமா, இனிமே நீங்க நடக்கிறீங்களா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சுடும்” என்றான். ஓய்வு பெற்றவனை மேற்பார்வை செய்ய ஓர் அதிகாரி கிடைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

கடிகாரம் அடிகளை எண்ணுவது எப்படி என்று வாசகர்கள் அறிந்திருந்தால் நல்லது. அதற்குக் கால் தெரியாது. கைதான் தெரியும். உள்ளே ஒரு சிறு முடுக்க அளவி இருக்கிறது. நடக்கும்போது கை வீசும் தாளத்தைப் பார்த்து இது ஓர் அடி, இது ஓர் அடி என்று அது ஊகிக்கிறது. எனவே பேரக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தால் கணக்குக் குறையும். உட்கார்ந்த இடத்திலேயே மாவு பிசைந்தால் கூடும். சித்தூரின் சில சந்துகளில் ஸ்கூட்டரில் போய்வந்தாலே எனக்கு நூறு, இருநூறு அடி வரவாகிவிடுகிறது. பூதலப்பட்டு, சந்திரகிரி வழியாகத் திருப்பதிக்கு நல்ல சாலை இருப்பதால் அந்த 70 கிலோமீட்டரில் இந்த இலவச லாபம் கிடைப்பதில்லை.

ஒரு கருவியைச் சோதிக்க வேண்டுமானால், விடை தெரிந்த கணக்கைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அந்த வசதி இருக்கிறது. திருமலைக்கு இரண்டு நடைபாதைகள். அலிபிரியிலிருந்து போவது ஏறத்தாழ 9 கிலோமீட்டர், 3,550 படிகள். ஸ்ரீநிவாசமங்காபுரத்தின் பக்கமாகப் போகும் ஸ்ரீவாரி மெட்டு 2 கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம், 2,388 படிகள். இத்தனை துல்லியமாக எண்ணி வைத்த பாதை உடற்பயிற்சிக் கடிகாரத்துக்கு வேறெங்கே கிடைக்கும்? மூவரும் மூன்று கடிகாரங்களோடு ஸ்ரீவாரி மெட்டு வழியாக ஏறினோம். என்னுடையது 2,731 காட்டியது. படிகளுக்கு நடுவே சமதளத்தில் நடந்ததையும் சேர்த்தால் இது ஒப்புக்கொள்ளக்கூடிய கணக்கே. மச்சான் கையில் தடியோடு வந்தான். 2023ல் சிறுத்தை நடமாட்டத்தால் நேர்ந்த துயரத்துக்குப் பிறகு, நடந்து செல்லும் பக்தர்களுக்குத் தேவஸ்தானம் தடி கொடுக்கத் தொடங்கியதை வாசகர்கள் படித்திருப்பீர்கள். அந்தப் பழக்கத்தில் அவன் வீட்டிலிருந்தே ஒன்று கொண்டுவந்திருந்தான். தடி பிடித்த கையில் கடிகாரம். கணக்கு முந்நூறு குறைந்தது. என் மனைவிக்கு ஒரு வேண்டுதல். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தபடியே ஏறினாள். குனிந்து, நிமிர்ந்து, இடது கையில் கிண்ணத்தை ஆடாமல் பிடித்துக்கொண்டு நான்கு மணி நேரம். மூவரில் அதிகம் உழைத்தவள் அவள்தான். அவள் கடிகாரம் காட்டியது 1,640. “பெருமாளுக்குத் தெரியும், இதுக்குத் தெரிஞ்சா என்ன, தெரியலைன்னா என்ன” என்று சொல்லிவிட்டாள்.

மேலே போன பிறகு கைப்பேசியையும் மின்னணுச் சாதனங்களையும் ஒப்படைத்துவிட்டுத்தான் கோயிலுக்குள் செல்ல வேண்டும். ஆகவே வரிசையில் மணிக்கணக்கில் ஊர்ந்த அடிகளெல்லாம் எந்தக் கணக்கிலும் சேரவில்லை.

இதிலிருந்து நான் கண்டது இதுதான். தனியாக ஒரு நாளைய எண்ணுக்குப் பெரிய மதிப்பில்லை. ஆனால் அதே கை, அதே மனிதர், அதே தெரு என்றால் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் உண்மையானது. திங்களன்று 6,000, செவ்வாயன்று 2,500 என்று காட்டினால், செவ்வாயன்று நான் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தேன் என்பதில் சந்தேகமில்லை. தராசு சற்றுக் கோணலானாலும் இரண்டு பூசணிக்காயில் எது பெரிது என்று சொல்லிவிடும் அல்லவா?

சரி, எத்தனை அடி போதும்? பெட்டியைத் திறந்தவுடன் கடிகாரம் 10,000 என்று இலக்கு வைத்துக்கொள்கிறது. இது வேதவாக்கோ வைத்தியவாக்கோ அன்று. 1965ல் ஜப்பானில் யமாசா என்ற நிறுவனம் இடுப்பில் மாட்டும் அடிமானி ஒன்றை விற்பனைக்கு விட்டது. அதற்கு வைத்த பெயர் ‘மான்போ கெய்’, அதாவது பத்தாயிரம் அடி மானி. விளம்பரத்துக்காக வைத்த பெயர் உலகத்துக்கே விதியாகிவிட்டது. 2019ல் அமெரிக்காவில் ஐ-மின் லீ என்ற ஆராய்ச்சியாளரும் குழுவினரும், சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்களைத் தொடர்ந்து கவனித்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு 41 விழுக்காடு குறைவாயிருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் லாபம் பெரிதாகத் தெரியவில்லை. 2025ல் ‘லான்செட் பப்ளிக் ஹெல்த்’ இதழில் வந்த பல ஆய்வுகளின் தொகுப்பும் 7,000 அடியைத்தான் நடைமுறைக்கு ஏற்ற இலக்காகக் காட்டுகிறது. எனவே வயதானவர்கள் முதலில் அந்தப் பத்தாயிரத்தை மாற்றிக்கொள்ளலாம். எட்டாத இலக்கை வைத்துக்கொண்டு தினமும் தோற்பவர், பத்தாம் நாள் கடிகாரத்தையே கழற்றி வைத்துவிடுவார். டிராயருக்குள் போன கடிகாரங்களில் பாதி இப்படிப் போனவை என்பது என் கட்சி.

அடுத்தது நாடி. கடிகாரத்தின் அடிப்பக்கம் பச்சை வெளிச்சம் மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். இரத்தம் பச்சை ஒளியை விழுங்கும். இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் மணிக்கட்டுத் தோலின் கீழ் இரத்தம் சற்று அதிகமாகும். திரும்பி வரும் ஒளி சற்றுக் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணிச் சொல்வதுதான் நாடிக் கணக்கு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இது பெரும்பாலும் சரியாகவே வருகிறது. விரலால் நாடி பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணிச் சரிபார்த்திருக்கிறேன்; இரண்டு மூன்றுக்கு மேல் வித்தியாசமில்லை. வேகமாக நடக்கும்போதும், பட்டை தளர்வாக இருக்கும்போதும், வியர்வை வழியும்போதும் தடுமாறும். பச்சை குத்திய தோலிலும் அப்படியே.

இதை எதில் கட்டினாலும் ஏதாவது ஓர் எண் சொல்லும் என்று மச்சான் சொன்னபோது நான் நம்பவில்லை. சித்தூர் மாங்கூழ்த் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன ஊர். ஆனி மாதத்தில் வீட்டில் கிளிமூக்குப் பழத்துக்குக் குறைவில்லை. நல்ல பழமாக ஒன்றை எடுத்துக் கட்டினோம். நாடி 71. ஆசை விடவில்லை, இரத்த அழுத்தத்தையும் அழுத்திப் பார்த்தோம். 118க்கு 76. என் டாக்டர் என்னிடம் எத்தனையோ வருஷமாக எதிர்பார்க்கும் அளவு! பேரன் அன்று முழுவதும் அந்தப் பழத்தை யாரையும் நறுக்கவிடவில்லை.

சிரித்து முடித்த பிறகு இதை வாசகர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எண் காட்டுவது வேறு, அளப்பது வேறு. இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டதாக ஆகும் என்பதை எங்கள் குடும்பம் கண்ணால் கண்டது.

2024 ஜனவரி. என் அண்ணாவுக்கு அப்போது வயது 62. பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. மகன் வாங்கிக் கொடுத்த கடிகாரம் கையில். அலிபிரியிலிருந்து விடியற்காலையில் ஏறத் தொடங்கினோம். காலி கோபுரத்தை நெருங்கும் செங்குத்தான பகுதியில் அவர் பேச்சுக் குறைந்தது. (‘காலி’ என்றால் தெலுங்கில் காற்று. நம்மவர்கள் காளி கோபுரம் என்று சொல்லிச் சொல்லி அம்மன் கோபுரமாக்கிவிட்டார்கள்.) பக்கத்தில் போனவர்கள் “கோவிந்தா” என்று குரல் கொடுத்தபோது இவர் வாய் மட்டும் அசைந்தது, குரல் வரவில்லை. என்னவென்று கேட்டேன். நெஞ்சில் ஒரு பாரம், தாடை இழுக்கிற மாதிரி இருக்கிறது என்றார். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தவர் உடனே கடிகாரத்தைத்தான் பார்த்தார். நாடி 104, ஆக்சிஜன் 98, எல்லாம் பச்சை. “தம்பி, எல்லாம் நல்லாத்தான்டா காட்டுது. மூச்சு வாங்கிட்டுப் போலாம்” என்றார்.

“அண்ணா, அது காட்டுறது இருக்கட்டும், உங்களுக்கு எப்படி இருக்கு?” என்றேன். பதில் இல்லை. ஜனவரிக் குளிரில் சட்டை நனைந்திருந்தது. வழியில் மருத்துவ உதவி இருக்கிறது. இரண்டு இளைஞர்கள் கைகொடுக்க அங்கே கொண்டுபோனோம். அங்கிருந்து கீழே, திருப்பதியில் ஒரு மருத்துவமனைக்கு. இதயத்துக்குப் போகும் குழாய் ஒன்றில் பெரிய அடைப்பு. அன்றே ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் ஏறியிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். அண்ணியின் முகத்தைப் பார்த்து வாக்கியத்தை முடிக்கவில்லை.

கடிகாரம் பொய் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாடி 104 என்பது சரியாகவே இருந்திருக்கும். இரத்தத்தில் ஆக்சிஜன் 98 என்பதும் இருக்கலாம். ஆனால் இதயத்துக் குழாய் அடைபட்டிருக்கிறதா என்பது இந்த இரண்டு எண்ணிலும் இல்லை. 2018 முதல் ஈ.சி.ஜி. எடுக்கும் வசதியோடு வரும் விலையுயர்ந்த ஆப்பிள் கடிகாரமேகூட, மாரடைப்பைத் தன்னால் கண்டுபிடிக்க முடியாது என்று தன் திரையிலேயே எச்சரிக்கிறது. அப்படியிருக்க 1,299 ரூபாய்க் கடிகாரத்தின் பச்சை நிறத்துக்கு என்ன பொருள்? மேலும் சர்க்கரைக்காரர்களுக்கு நெஞ்சு வலி வராமலேயே மாரடைப்பு வருவதுண்டு. உடம்பு சொல்வதே மெல்லிய குரலில்தான். அதை எண் அடக்கிவிடக் கூடாது.

அதே ஆண்டு அக்டோபரில் தேவஸ்தானமே ஓர் அறிவிப்புச் செய்தது. 60 வயதுக்கு மேற்பட்டவர்கள், சர்க்கரை, இரத்த அழுத்தம், வலிப்பு, மூட்டு நோய் உள்ளவர்கள் நடந்து ஏறுவதைத் தவிர்ப்பது நல்லது. இதய நோயும் ஆஸ்துமாவும் உள்ளவர்களுக்கு ஏற்றம் கூடாது. அலிபிரிப் பாதையில் 1,500ஆம் படி, காலி கோபுரம், பாஷ்யகாரர் சன்னிதி ஆகிய இடங்களில் மருத்துவ உதவி உண்டு என்று. வெளியூரிலிருந்து வரும் நம் சங்க அன்பர்கள் இந்த மூன்று இடங்களையும் குறித்துக்கொள்வது நல்லது.

நடக்கத் தகுதியுள்ளவர்களுக்கும் ஏறும்போது அளவுகோல் வேண்டுமே என்றால், மருத்துவர்கள் சொல்லும் எளிய சோதனை ஒன்று உண்டு. ஏறிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு என்றால் அதிகம். எங்கள் ஊரில் இதற்குத் தனியாக வாக்கியம் தேட வேண்டியதில்லை. ‘ஏடுகொண்டலவாடா வெங்கடரமணா கோவிந்தா கோவிந்தா’ என்று ஒரே மூச்சில் முழுக்குரலில் வந்தால் மேலே போகலாம். கடைசிக் கோவிந்தாவுக்கு மூச்சு இல்லையென்றால் அடுத்த திண்ணையில் உட்கார்ந்துவிட வேண்டும். நாடியை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கடிகாரத்து எண் அதிகம் ஏறாது. அவர்களுக்கு இதுதான் நம்பகமானது.

இரத்த அழுத்தம், சர்க்கரை என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பற்றியும் இரண்டு வார்த்தை. கையில் பட்டை கட்டிக் காற்றடிக்கும் பி.பி. கருவிக்கு இது மாற்று அன்று. சாம்சங் தன் கடிகாரத்தில் தரும் இரத்த அழுத்த வசதியைக்கூட, 28 நாளைக்கு ஒருமுறை உண்மையான பி.பி. கருவியோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. ஒப்பிடவே சொல்லாமல் எண் சொல்கிற கடிகாரம், மாம்பழத்துக்கும் சொல்லும். சர்க்கரை இன்னும் மோசம். ஊசி குத்தாமல் சர்க்கரை பார்ப்பதாகச் சொல்லும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி கொடுக்கவில்லை, அவற்றைப் பயன்படுத்தாதீர்கள் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி இன்சுலின் அளவை மாற்றினால் நேரக்கூடியதை நான் எழுத வேண்டியதில்லை.

இவ்வளவு சொன்னவன் இன்னும் ஏன் அதைக் கட்டிக்கொண்டிருக்கிறான் என்று கேட்பீர்கள். அண்ணாவே இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்! ஸ்டென்ட் வைத்த பிறகு டாக்டர் அவரைத் தினம் நடக்கச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொன்னார். ‘கொஞ்சம்’ என்றால் எவ்வளவு என்று தெரியாமல் மனிதர் பயந்துபோய் வாசல் தாண்டவில்லை. கடிகாரம் அங்கேதான் உதவியது. முதல் வாரம் 1,500, அடுத்த வாரம் 2,000 என்று டாக்டரே எழுதிக் கொடுத்தார். எண் வந்ததும் மணிக்கட்டு அதிரும், அவரும் திரும்பிவிடுவார். பயத்துக்கு ஓர் எல்லை கிடைத்தது. ஆறு மாதத்தில் 6,000க்கு வந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் போகும்போது அந்தப் பட்டியலைக் கைப்பேசியில் காட்டுகிறார். “தினமும் நடக்கிறேன் டாக்டர்” என்ற நம் எல்லோருடைய வழக்கமான பொய்க்கு இனி இடமில்லை.

மாத்திரை வேளைக்கு அது அதிர்வதும் பெரிய உபகாரம். அலாரம் சத்தம் போட்டால் வீடே எழுந்துகொள்ளும். இது காதோடு காதாகச் சொல்வதுபோல் கையோடு சொல்கிறது. காது மந்தமான என் மாமியாருக்கு வாசல் மணி கேட்காது, கைப்பேசி மணியும் கேட்காது. மகள் கூப்பிட்டால் மணிக்கட்டு அதிர்கிறது. கைப்பேசியைத் தேடிப் போகிறார். கைப்பேசி எங்கே என்று தெரியாவிட்டால் கடிகாரத்தை அழுத்தினால் அது கத்தும். என் மனைவியைக் கேட்டால் 1,299 ரூபாயும் இதற்கே செரித்துவிட்டது என்பாள். தூக்கக் கணக்கைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயமில்லை. மதியம் அசையாமல் புத்தகம் படித்ததைக்கூடத் தூக்கம் என்று எழுதிவைக்கிறது. (என் வீட்டில் கடிகாரத்தின் கட்சிக்குத்தான் ஆதரவு.)

வாங்க நினைப்பவர்களுக்குக் கடையில் நின்று பார்க்க வேண்டிய சில விஷயங்கள். கண்ணாடி போடாமல் எழுத்துத் தெரிய வேண்டும். வெயிலில் வெளியே கொண்டுபோய்ப் பாருங்கள், எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் பல திரைகள் வெறும் கறுப்பாகிவிடுகின்றன. சார்ஜ் செய்யும் ஒயர் அந்தந்தக் கடிகாரத்துக்கென்று தனி. தொலைந்தால் கடிகாரமும் தொலைந்ததுபோல்தான், ஆகவே தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். பட்டையைக் கழற்றி வேறு மாட்ட முடிகிறதா என்று பாருங்கள். ரப்பர்ப் பட்டையின் கீழ் வியர்வை தங்கினால் தோல் புண்ணாகும். ராத்திரியில் கழற்றித் துடைத்து வையுங்கள். தண்ணீர் போகாது என்று எழுதியிருந்தாலும் வெந்நீரும் சோப்பும் அந்த வாக்குறுதியில் சேர்த்தியில்லை.

கடைசியாக ஒன்று, நம்மைப் போன்றவர்களுக்கு. 1960ல் எல்லை மாறித் திருத்தணி அந்தப் பக்கம் போக, சித்தூர் இந்தப் பக்கமே நின்ற நாளிலிருந்து எங்கள் வீடுகளில் கடிதங்கள் இரண்டு மொழியில் வருகின்றன. மகள் தமிழில் எழுதுவாள், சம்பந்தி வீட்டார் தெலுங்கில் எழுதுவார்கள். விலை குறைந்த பல கடிகாரங்களுக்கு இரண்டும் படிக்கத் தெரியாது. எழுத்துக்குப் பதிலாக வரிசையாக வெறும் கட்டங்களைக் காட்டும். கடையிலேயே உங்கள் கைப்பேசியோடு அதை இணைக்கச் சொல்லி, வீட்டிலிருந்து ‘வணக்கம்’ என்று தமிழில் ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள். எழுத்தாக வந்தால் பணத்தைக் கொடுக்கலாம். கட்டங்களாக வந்தால் அடுத்த பெட்டியை எடுக்கச் சொல்லலாம்.